கைக்கு எதுக்கு ஸ்கேன்?

முழங்கால் வலியைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. அவற்றில் ஒன்று என்னை இரண்டு நாள் தூங்க விடவில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வயது 38, இரண்டு குழந்தைகள். கடிதத்தை அப்படியே போட்டால் இந்த இரண்டு பக்கமும் போதாது. சாரத்தை மட்டும் தருகிறேன்.

"மூன்று மாசமாகக் காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியவில்லை. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். இப்போது கைக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார். 'வயித்துக்குத்தான் ஸ்கேன் எடுப்பாங்க, கைக்கு எதுக்கு ஸ்கேன்? எல்லாம் காசு பிடுங்கற வேலை' என்கிறார் என் மாமியார். வீட்டுக்காரருக்கும் அதே எண்ணம்தான். எடுக்கலாமா, வேண்டாமா? உங்கள் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்."

பெரிய பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார்! நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த மாமியாரைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால், என் அண்ணி விஷயத்தில் நானே கேட்ட கேள்விதான் அது.

அண்ணிக்கு அப்போது 47 வயது. கும்பகோணத்தில் வீடு. மார்கழி வந்தால் வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவர்; தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த வருஷம் நான் போயிருந்தபோது வாசலில் சின்னதாக ஒரு நாலு புள்ளிக் கோலம். அதிலும் இழை அங்கங்கே விட்டுவிட்டு ஓடியிருந்தது.

"என்ன அண்ணி, இன்னிக்கு அவசரமா?" என்றேன்.

"அவசரம் என்னம்மா அவசரம், பொடி விரல்லே நிக்க மாட்டேங்குது" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கவனித்தேன். ரவிக்கைக் கொக்கியை மாட்ட மகளைக் கூப்பிடுகிறார். ஈரத் துணியைப் பிழியாமல் சொட்டச் சொட்டக் கொடியில் போடுகிறார். குக்கர் மூடியைத் திறக்க அண்ணன் வரவேண்டியிருக்கிறது. விடியற்காலையில் அடுப்படியில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விரல்கள் இளகிக் காப்பி டம்ளரைப் பிடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கல்யாண வளையலைக் கழற்றி வைத்து ஆறு மாசமாகிவிட்டதாம், மணிக்கட்டில் ஏறவில்லையாம். "காலையிலே எழுந்து தரையிலே காலை வெச்சா, கூழாங்கல்லு மேலே நிக்கற மாதிரி இருக்கும்மா" என்றார். அந்த வார்த்தையை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

வீட்டில் என்ன சொன்னார்கள்? நம் வீடுகளில் சொல்வதைத்தான். "வயசாகுதில்லே", "ஈரத்திலேயே நின்னா வாதம் வராம என்ன செய்யும்", "அன்னிக்கு வந்த சிக்குன்குனியா இன்னும் போகலை". 2006-ல் சிக்குன்குனியா ஊரைப் புரட்டிப் போட்டதிலிருந்து, எந்த மூட்டு வலியானாலும் அதன் தலையில் போடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. கடைசியில் மருந்துக் கடையில் 'செட் மாத்திரை' வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு சின்னக் காகித உறையில் வெள்ளை, மஞ்சள், ரோஸ் என்று நாலு மாத்திரை. மூன்று நாள் சாப்பிட்டால் ஜம்மென்று இருக்கும், நிறுத்தினால் பழையபடி. முகம் உப்பி, சர்க்கரையும் ஏறிய பிறகுதான், அதில் ஒன்று ஸ்டீராய்டு என்பது எங்களுக்குத் தெரிந்தது. டாக்டர் அளவு பார்த்து, நாள் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் ஸ்டீராய்டும் நல்ல மருந்துதான். உறையில் பெயர் இல்லாமல் வந்தால் அது நஞ்சு.

ஒரு வழியாக ரத்தப் பரிசோதனை செய்தார்கள். 'ருமட்டாய்ட் ஃபாக்டர்' இல்லை என்று வந்தது. இ.எஸ்.ஆர். லேசாகத்தான் கூடியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு எல்லாம் சரியாக இருந்தது. "ஒண்ணுமில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த "ஒண்ணுமில்லை" இருக்கிறதே, அதைக் கேட்டதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அண்ணிக்கு மட்டும் இல்லை. அதன்பிறகு அவர் வலிக்கிறது என்று சொன்னால் வேலைக்குச் சாக்குச் சொல்வதாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பார்வை தெரியாதா? ஒரு நாள் என்னிடம், "எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா, நான்தான் இல்லாததைச் சொல்றேனோன்னு" என்றார். எத்தனையோ வருஷமாக அவரைத் தெரியும். அப்படி அவர் குரல் இறங்கி நான் கேட்டதில்லை.

தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். வாத நோய்க்கென்றே படித்த டாக்டரம்மா ஒருவர். நாற்பது வயதுகூட இருக்காது. அண்ணியின் விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பாதத்தை விரல்களுக்குக் கீழே இரண்டு பக்கமும் சேர்த்துப் பிடித்து அமுக்கினார். அண்ணி "ஸ்ஸ்" என்றார். கூழாங்கல் விஷயத்தைச் சொன்னேன். டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார். முடக்குவாதம் பாதத்தின் முன்பகுதி மூட்டுகளைப் பிடிக்கும்போது நோயாளிகள் பெரும்பாலும் இந்த உவமையைத்தான் சொல்கிறார்களாம்.

"ரத்தத்திலே இல்லைன்னு வந்திருக்கே டாக்டர்?" என்றேன்.

"வரலேன்னா நோய் இல்லேன்னு அர்த்தம் இல்லைங்க. முடக்குவாதம் இருக்கறவங்கள்லே அஞ்சுலே ஒருத்தருக்காவது அந்த ஃபாக்டர் ரத்தத்திலே காட்டாது. எக்ஸ்ரேயிலே தெரியறது எலும்பு அரிச்சதுக்கு அப்புறம். நாம அதுக்கு முன்னாடியே பிடிக்கணும். வாங்கம்மா, கைக்கு ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்."

அப்போதுதான் நான் கேட்டேன், தென்காசி மாமியார் கேட்ட அதே கேள்வியை!

அறை வாசலில் ஒரு பலகை. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே தெரிவிக்கப்பட மாட்டாது என்று. 1994-ல் வந்த சட்டம் அது. விரல் கணு மட்டும் பார்க்கிற இடமானாலும், மெஷின் இருந்தால் பதிவும் பலகையும் உண்டு. அண்ணி அதைப் படித்துவிட்டு, அத்தனை வலியிலும், "எனக்கு என்ன குழந்தைன்னு இப்ப யாரு கேக்கப்போறாங்க!" என்று சிரித்தார். டாக்டரம்மாவும் சிரித்தார்.

வயிற்று ஸ்கேனுக்குப் போவது போலப் பட்டினி கிடக்க வேண்டாம். தண்ணீரைக் குடித்துவிட்டு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவும் வேண்டாம். மோதிரம், வளையல், கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, மேஜை மேல் மடித்த துண்டில் கையைக் குப்புற வைத்துக்கொண்டால் போதும். ஜெல்லைத் தாராளமாகத் தடவி, புரோப் என்கிற அந்தச் சின்னக் கட்டையைத் தொட்டும் தொடாமலும் வைத்து நகர்த்தினார். "அழுத்தி வெச்சா, பார்க்க வேண்டிய ரத்த ஓட்டமே நசுங்கிப் போயிடும்" என்றார். குளிரூட்டும் மெஷினையும் குறைக்கச் சொன்னார். கை ஜில்லிட்டுப் போனாலும் ரத்த ஓட்டம் சரியாகத் தெரியாதாம். கதிர்வீச்சு எதுவும் கிடையாது. வலியும் கிடையாது.

இதில் நடப்பது என்ன என்று எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன். நம் காது விநாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். இந்த மெஷின் அனுப்புகிற ஒலி, கை மூட்டுக்கென்றால் விநாடிக்கு ஒரு கோடிக்கும் மேலே. வௌவால் இருட்டில் சத்தம் கொடுத்து எதிரொலியை வைத்து வழி பார்க்கிறதல்லவா, அந்த வித்தைதான். வயிற்றுக்குள் ஆழமாகப் பார்க்க அதிர்வு குறைந்த ஒலி வேண்டும். தோலுக்குக் கீழே ஒரு விரற்கடை ஆழத்தில் நுணுக்கமாகப் பார்க்க அதிர்வு கூடிய ஒலி வேண்டும். ஆகவே வயிற்றுக்கு வைக்கிற கட்டை வேறு, விரலுக்கு வைக்கிற கட்டை வேறு.

திரையில் எலும்பின் மேல்விளிம்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. நீர் கோத்திருக்கிற இடம் கறுப்பு. நம் மூட்டு ஒவ்வொன்றுக்கும் உள்ளே பட்டுத் துணி மாதிரி ஒரு மெல்லிய சவ்வு உண்டு. மூட்டு வழுக்கிக்கொண்டு அசைய எண்ணெய் விடுவது அதுதான். முடக்குவாதத்தில் உடம்பின் காவல் சக்தியே திசை மாறி இந்தச் சவ்வின் மேல் பாய்கிறது. சவ்வு தடித்து, ஊறின அப்பளம் போல ஆகி, அதற்குள் புதிது புதிதாக ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அப்படி ரத்தம் குடித்து வளர்கிற சவ்வு நாளடைவில் பக்கத்திலிருக்கிற குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது.

டாக்டரம்மா ஒரு பொத்தானைத் தட்டினார். 'பவர் டாப்ளர்' என்று பெயராம். ஓடுகிற ரத்தத்தை மட்டும் நிறம் போட்டுக் காட்டுவது. சாம்பல் நிறப் படத்தில், அண்ணியின் ஆள்காட்டி விரல் கணுவில், சடாரென்று சிவப்பும் ஆரஞ்சுமாகப் புள்ளிகள் மினுக்கின. அடுத்த விரலிலும் அப்படியே. மணிக்கட்டில் அடுப்பைக் கிளறிவிட்ட மாதிரி ஒரு கொத்து.

"பாருங்கம்மா, இதுதான் உங்க வலி. பூஜ்யத்திலேருந்து மூணு வரைக்கும் மார்க் போடுவோம். இந்த மணிக்கட்டுக்கு மூணு போடலாம்" என்றார்.

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர். நான் பயந்துபோய்விட்டேன். "அழலேம்மா… நான் பொய் சொல்லலேன்னு தெரிஞ்சுதே, அது போதும்" என்றார். கூட வந்திருந்த அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து அண்ணியின் கைப்பையைத் தான் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த மன்னிப்பு.

பிற்பாடு இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். கிளாஸ்கோ நகரத்தில் இயான் டொனால்டு என்ற மகப்பேறு டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் 1958-ல் வயிற்று ஸ்கேனைப் பற்றி 'லான்செட்' பத்திரிகையில் எழுதியதிலிருந்துதான் இந்த வித்தை பிரபலமானது. ஆகவே ஸ்கேன் என்றால் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்று நாம் நினைப்பதில் தப்பில்லை. ஆனால் 1972-லேயே, முழங்காலுக்குப் பின்னால் வருகிற வீக்கம் நீர்க்கட்டியா, ரத்தக் குழாய் அடைப்பா என்று பிரித்துச் சொல்ல இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சின்னஞ்சிறு விரல் கணுவுக்கு வந்து சேரத்தான் காலம் பிடித்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகர டாக்டர்கள் 2000-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நோய் ஆரம்பித்துச் சில காலமே ஆனவர்களின் விரல் கணுக்களில் எக்ஸ்ரே காட்டியதைப்போல ஆறு மடங்குக்கும் அதிகமான எலும்பு அரிப்புகளை ஸ்கேன் காட்டியது. அதே ஊர்க்காரர்கள் 2008-ல் இன்னொன்று சொன்னார்கள்: நோய் அடங்கிவிட்டது என்று டாக்டரும் நோயாளியும் சேர்ந்து முடிவு கட்டியவர்களில்கூடச் சிலருக்கு ஸ்கேனில் சிவப்பு தெரிந்தது. அப்படித் தெரிந்த மூட்டுகளில்தான் ஒரு வருஷத்துக்குள் எலும்பு மேலும் கெட்டிருந்தது.

இதைப் படித்ததும் எனக்கு என்ன தோன்றியிருக்கும்? மாசாமாசம் ஸ்கேன் எடுத்துச் சிவப்பை எல்லாம் துடைத்துவிட வேண்டும் என்றுதானே? அண்ணிக்கும் அதே ஆசை. அடுத்த தடவை போனபோது, "டாக்டரம்மா, இந்த மாசமும் ஸ்கேன் பார்த்துடலாமா?" என்றார். கட்டணம் வாங்குகிற டாக்டர் சரி என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன்.

"வேண்டாம்மா" என்றார் டாக்டரம்மா. "நார்வே நாட்டிலே இதையே சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 2016-லே வெளியாச்சு. இருநூறு பேருக்கு மேலே. பாதிப் பேருக்குக் கையாலே தொட்டுப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைச்சாங்க. மீதிப் பேருக்கு ஒவ்வொரு தடவையும் ஸ்கேனும் சேர்த்துப் பார்த்து, சிவப்பு போற வரைக்கும் மருந்தைக் கூட்டினாங்க. ரெண்டு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் இருந்தது. ஒழுங்கா வந்து கையைக் காட்டி, மருந்தை ஒழுங்கா சாப்பிட்டா அதுவே போதும். எனக்குச் சந்தேகம் வந்தா நானே எடுப்பேன்."

எனக்கு அந்த அம்மாள் மேல் மதிப்பு கூடிவிட்டது. ஸ்கேன் என்பது சந்தேகம் தீர்க்கிற சாட்சி. சாட்சியைத் தினமும் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. 'முழு உடம்பு மூட்டு ஸ்கேன், சலுகை விலை' என்று யாராவது நோட்டீஸ் கொடுத்தால் மடித்துக் குப்பையில் போடுங்கள்.

சந்தேகம் இன்னொரு பக்கமும் தீரும் என்பதற்கு நானே சாட்சி. என் விரல் நுனிக் கணுக்களில் இரண்டு மூன்று வருஷமாக முடிச்சு முடிச்சாக இருக்கிறது. அண்ணியைப் பார்த்த பயத்தில் நானும் கையை நீட்டினேன். என் விரலில் சிவப்பு இல்லை. எலும்பு ஓரத்தில் முள் மாதிரி வளர்ந்திருந்தது. "உங்களுக்குத் தேய்மானம். முடக்குவாத மருந்து எதுவும் வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். வேண்டாத மருந்து தப்பியதும் லாபம்தானே?

அண்ணிக்கு மெதோட்ரெக்ஸேட் கொடுத்தார்கள். இங்கே கொஞ்சம் நிறுத்தி, பெரிய எழுத்தில் இருப்பதாக நினைத்துப் படியுங்கள். முடக்குவாதத்துக்கு அந்த மாத்திரை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். வலிக்கிறதே என்று தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தாகப் போனவர்கள் உண்டு. அண்ணன் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளுக்குச் சிவப்பு மையில் வட்டம் போட்டார். டாக்டர் சொன்ன வேறு நாளில் ஃபோலிக் ஆசிட். குறிப்பிட்ட இடைவெளியில் கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் பரிசோதனை. தென்காசிச் சகோதரிக்கு 38 வயதுதான் ஆகிறது என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்: கர்ப்பமாக இருக்கும்போது இந்த மருந்து கூடவே கூடாது. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மாதங்களுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். வேறு மருந்துகள் இருக்கின்றன.

நான்கு மாதம் கழித்து டாக்டரம்மாவே இரண்டாவது ஸ்கேன் பார்த்தார். விரல் கணுக்களில் சிவப்பு அடங்கியிருந்தது. வலது மணிக்கட்டில் மட்டும் இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி நுனியைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் அங்கே மருந்து போட்டார். இப்போது அண்ணி துணி பிழிகிறார், குக்கர் திறக்கிறார். வலது கை வளையல் மட்டும் இன்னும் ஏறவில்லை. முதலிலேயே வந்திருந்தால் அந்த மணிக்கட்டும் தப்பியிருக்கும் என்றார் டாக்டரம்மா. 'செட் மாத்திரை'யில் போன ஆறு மாசம் அது. இந்த நோய்க்கு ஆரம்ப மாதங்கள்தான் பொன்னான காலம். அப்போது பிடித்தால் பிடிபடும்.

ஆகவே சகோதரி, எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாசமாகக் காலை விறைப்பு, ரத்தத்திலும் எக்ஸ்ரேயிலும் தெளிவில்லை என்றால் ஸ்கேன் உதவுகிற நேரமே இதுதான். உங்கள் டாக்டர் காரணமில்லாமல் எழுதியிருக்க மாட்டார். மாமியாரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள், முடிந்தால் அவரையும் கூட அழைத்துப் போய்த் திரையைக் காட்டுங்கள். முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. அவர் காலத்தில் யார் யார் கையைக் காட்டாமலே அடுப்படியில் கோணிப்போனார்களோ!

போவதற்கு முன் ஸ்கேன் சென்டருக்குப் போன் செய்து இரண்டு கேள்வி கேளுங்கள். "விரல் மூட்டு பார்க்கிற புரோப் இருக்கிறதா? டாப்ளரும் சேர்த்துப் பார்ப்பீர்களா?" வயிற்றை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு மூட்டுப் படம் பிடிபடாது, பார்க்கிறவரின் கைப்பழக்கத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. செலவு கட்டுப்படி ஆகாதென்றால் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரியுங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாத நோய்க்கென்றே தனித் துறை இருக்கிறது.

இன்னொன்று. வலி மாத்திரையோ ஸ்டீராய்டோ சாப்பிட்டிருந்தால் ஸ்கேனில் சிவப்பு குறைத்துக் காட்டக்கூடும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். ஆனால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பழைய எக்ஸ்ரே, ரத்த ரிப்போர்ட்டுகளோடு, மருந்துக் கடைக்காரர் கொடுத்த அந்தக் காகித உறை வீட்டில் இருந்தால் அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.